அழாத குழந்தைக்கு வலிக்காதாம்

என் மகள் நன்றாக இருக்கிறாள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி எழுத்தைக் கையில் எடுத்தால், குழந்தை பிழைத்ததா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற ஆள் நான். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். யாழினி இப்போது குப்புற விழுகிறாள், அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுக்கிறாள், தொட்டிலில் போட்டால் ஊரைக் கூட்டுகிறாள்.

இது நன்றி சொல்லும் கட்டுரை அல்ல. அவளைக் காப்பாற்றியவர்களுக்கு நேரில் போய் நன்றி சொல்லிவிட்டேன், இனிப்பும் கொடுத்துவிட்டேன். பில் எவ்வளவு ஆனது, எப்படிக் கட்டினோம் என்றும் எழுதப்போவதில்லை. அது எல்லார் வீட்டிலும் நடக்கிற கதை. எனக்குள் மிச்சம் இருப்பது கோபம். அதைக் கொட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவமனையின் பெயரைச் சொல்ல மாட்டேன். கோயம்புத்தூரில் இருக்கிறது, நல்ல மருத்துவமனைதான், நான் சொல்லப்போவது அங்கே மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை.

என் பெயர் கவிதா. பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை, சோதனைப் பிரிவில். மோட்டாரை ஓட்டிப் பார்த்து, சத்தத்தையும் அதிர்வையும் சூட்டையும் பார்த்து அனுப்ப வேண்டும். ஒரு மோட்டார் லேசாக முனகினால்கூட நிறுத்திவிட்டு ஏன் என்று கேட்போம். என் கணவர் பிரபு லேத் பட்டறை வைத்திருக்கிறார். வீடு மதுக்கரையில். நான் பிறந்தது வெள்ளகோவில் பக்கம்.

எட்டாம் மாதம் தொடங்கியபோது என் கால்கள் வீங்கின. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறேன், வீங்காமல் என்ன செய்யும் என்று இருந்துவிட்டேன். பிறகு தலைவலி வந்தது. வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டரம்மா ரத்த அழுத்தத்தை இரண்டு முறை பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "இன்னைக்கே எடுத்தாகணும்" என்றார். கர்ப்ப காலத்தில் சிலருக்கு ரத்த அழுத்தம் இப்படி ஏறும். தாய்க்கு வலிப்பு வரலாம், குழந்தைக்குப் போகிற ரத்தம் குறையலாம், பிரசவம்தான் அதற்கு வைத்தியம் என்று விளக்கினார். டிபன் பாக்ஸில் மதியச் சோறு அப்படியே இருக்க, என்னை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

யாழினி ஒரு உள்ளங்கையும் கொஞ்சமும் இருந்தாள். தோலுக்கு அடியில் நரம்புகள் தெரிந்தன. காட்டிவிட்டு உடனே கொண்டுபோய்விட்டார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு மேல்மாடியில் இருந்தது. மேலிருந்து வெப்பம் தரும் திறந்த மேசை ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு, அதற்கு வார்மர் என்று பெயர். மூக்கில் காற்றுக் குழாய், வாயில் பால் குழாய், கையில் ஊசி, காலில் சிவப்பு விளக்கு எரியும் ஒரு பட்டை. அந்தப் பட்டை ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை எண்ணாகக் காட்டும். எண் குறைந்தால் மணி அடிக்கும். அங்கே இருந்த தாய்மார்கள் எல்லாரும் குழந்தையின் முகத்தைவிட அந்த எண்ணைத்தான் அதிகம் பார்ப்போம்.

அந்தப் பிரிவு பரமேஸ்வரி சிஸ்டரின் ராஜ்ஜியம். ஐம்பதைத் தாண்டியவர், கோபிசெட்டிபாளையத்துக்காரர். கை கழுவாமல் ஒருவரும் உள்ளே நுழைய முடியாது, டாக்டரே ஆனாலும் சரி. ஊர்க்காரர்களிடம் அவருக்கு ஒரே ஒரு பகை: சேனை.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதுண்டு. அதுதான் சேனை. வைக்கிறவர்களின் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள், அதனால் ஆள் பார்த்து வைப்பார்கள். என் தம்பி மோகன் தாய்மாமன் என்கிற உரிமையில் சட்டைப் பையில் ஒரு சின்ன பாட்டிலை வைத்துக்கொண்டு வந்துவிட்டான். கை கழுவும் இடத்திலேயே சிஸ்டர் பிடித்துவிட்டார்.

"பையில என்ன தம்பி?"

"சும்மா ஒரு சொட்டுங்க சிஸ்டர். சாங்கியத்துக்குங்க."

"சாங்கியமா? சேனை வெச்சுப் புரையேறி, நீலமா மாறிப்போன புள்ளைய நான் கையில வாங்கியிருக்கறேன். அந்த ஊட்டுலயும் சாங்கியம்னுதான் சொன்னாங்க. கொண்டா இங்க."

பாட்டில் குப்பைத் தொட்டிக்குப் போனது. மோகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். அன்றைக்கு நான் சிஸ்டர் பக்கம்தான் இருந்தேன், இப்போதும் அந்த விஷயத்தில் அவர் பக்கம்தான்.

இனி கோபத்துக்கு வருகிறேன்.

தினமும் காலையில் ஒரு நேரம் உண்டு. தாய்மார்கள் அதற்கு வைத்திருந்த பெயர் குத்துற நேரம். சர்க்கரை அளவு பார்க்க, மஞ்சள் காமாலை பார்க்க, வேறு ஏதேதோ பார்க்க, குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி ரத்தத்தைப் பிழிந்து எடுப்பார்கள். கையில் போட்ட ஊசி வீங்கிவிட்டால் புது இடத்தில் குத்துவார்கள். குழந்தைக்கு நரம்பு நூல் மாதிரி இருக்கும். முதல் குத்தில் கிடைக்காது, அடுத்ததிலும் கிடைக்காது. அந்த நேரம் வந்ததும், "அம்மாங்கெல்லாம் வெளிய போங்க" என்று ஒரு குரல் வரும். நாங்கள் தாழ்வாரத்தில் போய் வரிசையாக நிற்போம். உள்ளேயிருந்து அழுகை வரும். பூனைக்குட்டி மாதிரி மெல்லிய சத்தம்தான். ஆனாலும் அவரவர் குழந்தையின் சத்தம் அவரவருக்குத் தெரியும். மார்பில் பால் கட்டி நைட்டி நனையும். கதவு சாத்தியிருக்கும்.

கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். அழுதால் நல்லது, நுரையீரல் விரியும் என்பார் ஒருவர். இத்தனை சின்னக் குழந்தைக்கு நரம்பு முழுசாக வளர்ந்திருக்காது, வலி தெரியாது என்பார் இன்னொருவர். நாளைக்கு இது எதுவும் ஞாபகம் இருக்காதும்மா, நீங்கதான் போட்டு மனசை அலட்டிக்கிறீங்க என்பார் மூன்றாமவர். எனக்கு மயக்கம் கொடுத்து, மரத்துப்போக வைத்து, முடிந்த பிறகும் வலி மாத்திரை கொடுத்துத்தான் வயிற்றைக் கிழித்தார்கள். அந்த ஆபரேஷன் நாளைக்கு எனக்கு மறந்துபோகும் என்று மயக்க மருந்தை மிச்சம் பிடிக்கவில்லையே!

இரண்டாவது வாரத்தில் யாழினியின் சத்தம் நின்றுவிட்டது. குத்துற நேரத்தில் மற்ற குழந்தைகள் அழுவார்கள், அவள் அழ மாட்டாள். கதவு திறந்ததும் ஒரு சிஸ்டர் சொல்வார், "உங்க பாப்பா சமத்துங்க. சத்தமே இல்ல. இவளுக்கு எடுக்கறதுதான் ஈசி." பிரபு அதைப் போனில் ஒறம்பரை, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொன்னார். பாப்பா எடை ஏறவில்லை, ஆனால் சமத்து.

ஒருநாள் கண்ணாடிக் கதவின் திரையைச் சரியாக இழுத்துவிடவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து அவளுடைய வார்மர் தெரிந்தது. குதிகாலில் குத்தினார்கள். வாய் முழுக்கத் திறந்தது, சத்தம் வரவில்லை. புருவம் சுருங்கி, கண்ணை இறுக மூடி, கன்னம் இழுத்துக்கொண்டது. விரல்கள் பத்தும் விறைத்துப் பிரிந்து நின்றன. பிறகு உடம்பு துணி மாதிரி தொய்ந்தது. எண் குறைந்தது, மணி அடித்தது. குத்திக்கொண்டிருந்தவர் முழங்கையால் பொத்தானை அழுத்தி மணியை நிறுத்திவிட்டு, குதிகாலைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கை கழுவவில்லை. கத்தினேன். எங்கள் ஊர்ப் பேச்சில் இது ஒரு தொல்லை. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் மரியாதை கூடவே வந்து தொலைக்கும்.

"ஏனுங்க, நிறுத்துங்க! என்ற புள்ளைக்கு வலிக்குதுங்க! கண்ணு தெரியலீங்களா உங்களுக்கு?"

பரமேஸ்வரி சிஸ்டர் வந்தார். "வலிச்சா அழுவாதாம்மா? அழுவவே இல்லையே அவ. நான் இத்தன வருஷமா பாக்கறேன். கை கழுவாம உள்ள வந்து நிக்கறீங்களே, இதுல புள்ளைக்கு ஏதாச்சும் ஒட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

என்னை வெளியே கொண்டுவந்து விட்டார்கள். மதியம் பிரபு சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு நேராக சிஸ்டரிடம் போய், "மன்னிச்சுக்குங்க சிஸ்டர், ஆபரேஷன் ஆன ஒடம்பு, படபடப்புல பேசிப்போட்டா" என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அந்த ஆள்மேல் வந்த கோபத்தை எழுத முடியாது. "யாருக்காக மன்னிப்புக் கேட்டீங்க? உங்க புள்ள வாயத் தொறந்துட்டுக் கெடக்கறா, சத்தம் வர மாட்டேங்குது. அவகிட்டப் போய்க் கேளுங்க மன்னிப்பு" என்றேன். அவர் கூடையைத் திறந்து, எனக்குப் பிடிக்கும் என்று செய்துகொண்டு வந்த பச்சைப்பயிறு கடைசலையும் சோற்றையும் பிசைந்து என் கையில் வைத்தார். நான் சாப்பிட்டேன். பால் வர வேண்டுமே. கோபத்தோடு சாப்பிட்டதும் பாலாகத்தான் ஆனது.

அடுத்த வார்மரில் ஈஸ்வரியின் மகன் இருந்தான். ஈஸ்வரி அந்தியூர்ப் பக்கத்து ஆள், கரும்பு வெட்டப் போகிற குடும்பம். நான் கத்தியதைப் பற்றி அவள் ரகசியமாகத்தான் பேசினாள். "எனக்கும் வவுறு எரியுதுங்கக்கா. ஆனா நாங்க கேட்டா, இஷ்டமில்லைன்னா கூட்டிட்டுப் போங்கன்னுருவாங்க. உங்களையாட்டம் எங்களால பேச முடியுங்களா?" நான் கோபப்பட்டால் படபடப்பு என்று விடுவார்கள், அவள் கோபப்பட்டால் திமிர் என்பார்கள். அதை அவள் தெரிந்து வைத்திருந்தாள். என் கோபத்தில் பாதி அவளுடையது என்று அன்றிலிருந்து எண்ணிக்கொண்டேன்.

அந்த வாரமே மருத்துவமனையில் நர்ஸ்களுக்குப் பயிற்சி என்று பேச்சு வந்தது. பிறந்த குழந்தைகளின் வலியை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிக் குறைப்பது என்று. எங்கள் பிரிவு நர்ஸ்கள், பிரசவ வார்டில் பிரசவம் பார்க்கிறவர்கள், சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து வந்த சில செவிலியர்கள் எல்லாருக்கும். வேறு ஊரிலிருந்து ரெஜினா என்று ஒரு நர்ஸ் பயிற்சி தர வந்திருந்தார். காலையில் கூட்ட அறையில் பொம்மையை வைத்துச் சொல்லித் தந்தாராம். மதியம் நேரில் காட்டுவதற்காக எங்கள் பிரிவுக்கு வந்தார்கள்.

அதற்கு எந்தக் குழந்தையை எடுப்பது என்று கேள்வி வந்தது. பரமேஸ்வரி சிஸ்டர் யோசிக்கவே இல்லை. "கவிதா பாப்பாவ எடுத்துக்குங்க. சமத்து. எல்லாரும் சுத்தி நின்னாலும் அழுவ மாட்டா" என்றார்.

ரெஜினா தாயைக் கூப்பிடச் சொன்னார். "தாய் எதுக்குங்க?" என்று ஒரு நர்ஸ் கேட்டதற்கு, "தாய் இல்லாம இத எப்படிங்க சொல்லித் தரது?" என்றார். இந்த முறை நான் கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு போனேன்.

"மொதல்ல நீங்க வழக்கமா எடுக்கற மாதிரி எடுங்க. நான் பாக்கறேன்" என்றார் ரெஜினா. ஒரு நர்ஸ் குதிகாலைப் பிடித்தார். ஊசி பட வேண்டும் என்றுகூட இல்லை. குதிகாலைத் துடைக்கும் பஞ்சு பட்டதுமே யாழினியின் விரல்கள் விறைத்தன, புருவம் சுருங்கியது. எண் இறங்க ஆரம்பித்தது.

"நிறுத்துங்க" என்றார் ரெஜினா. "குத்தவே வேண்டாம். எல்லாரும் மொகத்தப் பாருங்க. புருவம், கண்ணு, இந்தக் கன்னத்துக் கோடு. கைவிரலப் பாருங்க. எண்ணப் பாருங்க. பஞ்சு தொட்டதுக்கே இப்படின்னா, அடுத்து என்ன வரும்னு இந்தப் பாப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு." சற்று நிறுத்திவிட்டு, "இந்த ரூம்லயே அதிகமா வலி படறது இவதான். அழறதுக்கு இவகிட்டத் தெம்பு இல்ல. அழுது பாத்தா, ஒண்ணும் நடக்கல, விட்டுட்டா. குறைமாசப் புள்ளைங்க இப்படித்தாங்க. அழாத புள்ளைக்கு வலியில்லன்னு இனிமே சொல்லாதீங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. மேசையை உதைக்கலாம் போல இருந்தது. அழுது பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அத்தனை காலையும் அவள் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

ரெஜினா செய்யவேண்டியதைக் காட்டினார். குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் கன்னத்தின் உட்பக்கம் சில சொட்டு சர்க்கரைக் கரைசல். இனிப்பு நாக்கில் படும்போது குழந்தையின் மூளை வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்திக்கொள்ளும். கூடவே, ஒரு கை தலையை அணைத்தபடி, இன்னொரு கை மடக்கிய கால்களை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி, கருப்பைக்குள் இருந்த மாதிரி சுருட்டி வைக்க வேண்டும். குழந்தை தாங்குகிற நிலையில் இருந்தால் தாயின் மார்பில் தோலோடு தோலாகப் போட்டுக்கொண்டே எடுக்கலாம்.

சர்க்கரை என்றதும் பரமேஸ்வரி சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேனுங்க. சேனை வைக்காதீங்க, சக்கரத் தண்ணி குடுக்காதீங்கன்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்திக் கத்தி இப்பத்தான் ஜனங்க கேக்குது. வாசல்ல போர்டு மாட்டி வெச்சிருக்கறேன். நானே உள்ள சக்கரத் தண்ணி குடுத்தா, வெளிய நிக்கற மாமனும் அத்தையும் என்ன சொல்லுவாங்க?"

எனக்கு மோகன் ஞாபகம் வந்தது. அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டேன்.

ரெஜினா வாதாடவில்லை. "நீங்க சொல்றது சரிதாங்க. சேனை ஆபத்துதான். இது ஊட்டுல கலக்கற தண்ணி இல்ல, சுத்தம் பண்ணி அளந்து வெச்சது. குத்தற நேரத்துக்கு மட்டுந்தான், பசிக்குக் குடுக்கறதில்ல. சர்க்கரையக் காட்டிலும் கொஞ்சம் கம்மியாத்தான் வேலை செய்யும், ஆனா உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா தாய்ப்பால் சொட்டு வைங்க. கூடவே தாய் புடிச்சுக்கட்டும். ஒண்ணுமே இல்லாம மட்டும் குத்தாதீங்க" என்றார்.

நான் காலையில் பீய்ச்சிக் கொடுத்த பால் குளிர்ப்பெட்டியில் இருந்தது. சில சொட்டை எடுத்து வெதுவெதுப்பாக்கிக் கன்னத்தில் வைத்தார்கள். என் கைகளை எப்படி வைப்பது என்று ரெஜினா பிடித்துக் காட்டினார். அவள் தலை என் உள்ளங்கைக்குள் அடங்கியது. யாழினி சப்புக்கொட்டினாள். ஊசி இறங்கியது. புருவம் சுருங்கியது, உடம்பு ஒருமுறை துள்ளியது, என் கைக்குள்ளேயே அடங்கியது. எண் கொஞ்சம் இறங்கி, தானாக ஏறியது. மணி அடிக்கவில்லை.

"இது புதுசா கண்டுபிடிச்சதுங்களா?" என்று ரெஜினாவிடம் கேட்டேன்.

"இல்லீங்க. வெகு நாளாவே தெரிஞ்சதுதான்."

அந்தப் பதில்தான் என்னைக் கொளுத்திவிட்டது. தெரியாமல் செய்திருந்தால் ஆறியிருப்பேன். தெரிந்த விஷயம். மெஷின் வேண்டாம், வெளிநாட்டு மருந்து வேண்டாம். என் பாலும் என் இரண்டு கைகளும் போதும். அவற்றைத்தான் தினமும் காலையில் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. ஒருவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தர வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. குழந்தையால் புகார் எழுதிக் கொடுக்க முடியாது அல்லவா?

ரெஜினா ஊருக்குப் போனார். சில நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு வேலை கூடியது, புதுக் குழந்தைகள் வந்தார்கள், "அம்மாங்கெல்லாம் வெளிய போங்க" திரும்ப வந்தது. பால் சொட்டு வைத்தார்கள், ஆனால் குத்தி முடித்து, குழந்தை அழுத பிறகு, சமாதானம் செய்கிற மாதிரி. முன்னால் வைத்தால்தான் பயன் என்பது பேச்சோடு போய்விட்டது. கேட்டால், "குடுக்கறோமேம்மா" என்று பதில்.

அப்போதுதான் கண் பரிசோதனை என்றார்கள். குறைமாதக் குழந்தைகளுக்குக் கண்ணின் பின்பக்கத்து ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரலாம், கவனிக்காமல் விட்டால் பார்வையே போகும், அதனால் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் கருமணியை விரியவைத்து, மரத்துப்போக இன்னொரு மருந்து விட்டு, இமைகளைச் சின்னக் கம்பிக் கிளிப்பால் பிடித்துத் திறந்து வைத்துப் பார்ப்பார்கள். மரத்துப்போகும் மருந்து விட்டாலும் அது லேசில்லை. போன வாரம் முடித்து வந்த குழந்தைகள் அன்று முழுக்கப் பால் குடிக்கவில்லை என்று ஈஸ்வரி சொன்னாள். இந்த வாரம் அவள் மகனும் யாழினியும்.

நான் பரமேஸ்வரி சிஸ்டரிடம் போனேன். "நாளைக்கு நான் உள்ள இருப்பேனுங்க சிஸ்டர்."

"கண் டாக்டர் ஒத்துக்க மாட்டாரும்மா. அவருக்கு அவசரம். வரிசையா பாத்துட்டுப் போயிட்டே இருப்பாரு."

"அவசரம் அவருக்குத்தானுங்களே. வலி என்ற புள்ளைக்கு."

சிஸ்டர் என்னைத் தாய்ப்பால் எடுக்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முந்தானையைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்தம்மா சொன்னத நான் ஏன் மறுத்தேன்னு நெனக்கறீங்க? சக்கரைக்காக மட்டுமா? அது நெசம்னா, இத்தன வருஷம் நான் குத்துன புள்ளைங்க? எத்தனையோ பாப்பாவ சமத்துன்னு கொஞ்சியிருக்கறேன் அம்மணி. எல்லாம் வாயத் தொறந்துட்டுக் கெடந்துதுங்களா? அத நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது. அதான் நெசமா இருக்கக் கூடாதுன்னு பாத்தேன்."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கோபம் போகவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. "இனிமே வர்ற புள்ளைங்க இருக்காங்களேங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மறுநாள் தாய்மார்களை வெளியே போகச் சொன்னார்கள். எல்லாரும் போனார்கள். நான் யாழினியின் வார்மர் பக்கத்தில் கையைக் கழுவிக்கொண்டு நின்றேன், நகரவில்லை. கண் டாக்டர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "இவங்க யாரு இங்க? அனுப்புங்க" என்றார். தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு கிளிப்பை எடுத்தார்.

"டாக்டர், ரெண்டு நிமிஷம் பொறுங்க" என்றது பரமேஸ்வரி சிஸ்டரின் குரல்.

"ஏன், என்ன?"

"பாப்பாவுக்கு இப்பத்தான் சக்கரைச் சொட்டு வெச்சிருக்குது. அது வேலை செய்யோணும். அம்மா புடிச்சுக்குவாங்க."

சக்கரைச் சொட்டு! அவர் வாயால் கேட்டேன். நான் கை கழுவப் போன நேரத்தில் வைத்திருக்கிறார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். அந்தப் பிரிவில் பரமேஸ்வரி சிஸ்டரோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்து அந்த அறையில் ஒரு குழந்தைக்காக ஒரு டாக்டர் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

யாழினியைத் துணியில் சுற்றி, நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். கிளிப் போட்டதும் அவள் அழுதாள். முனகல் இல்லை, வாய் திறந்து, தொண்டை நடுங்கி, சத்தத்தோடு அழுதாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு. தாழ்வாரத்தில் நின்ற பிரபுவுக்கே கேட்டிருக்கிறது. யாழினி சத்தம்தானே அது என்று ஈஸ்வரியிடம் கேட்டாராம். நான் குனிந்து பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று தெரியாது, கண்ணு, கண்ணு என்றுதான் வந்தது. கிளிப்பை எடுத்ததும் என் கழுத்தோடு சேர்த்துப் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் விக்கினாள், நிறுத்தினாள். அன்றைக்கே பால் குடித்தாள்.

"சத்தம் வந்துருச்சும்மா" என்றார் சிஸ்டர். அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு கதவைத் திறந்து, "ஈஸ்வரி, கை கழுவிட்டு உள்ள வா. உன்ற பையனைப் புடிச்சுக்க" என்று கூப்பிட்டார்.

இத்தோடு முடித்திருந்தால் நீங்களும் நானும் நிம்மதியாகப் போயிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, தடுப்பூசிக்காக வெள்ளகோவில் பக்கத்தில் ஒரு சுகாதார மையத்துக்குப் போனோம். நான் அம்மா வீட்டில் இருந்த சமயம். வரிசையில் தாய்மார்கள், எல்லார் மடியிலும் குழந்தை. ஒவ்வொரு குழந்தையையும் வாங்கி, மேசையில் மல்லாக்கப் போட்டு, தொடையைப் பிடித்து ஊசி. தாய் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். என் முறை வந்தபோது நான் பெஞ்சில் உட்கார்ந்து யாழினிக்குப் பால் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

"ஊசி போட்டதுக்கப்பறம் குடுங்க அம்மணி" என்றார் அங்கிருந்த நர்ஸ். இளம் பெண், நல்ல முகம். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

"குடிக்கும்போதே போடுங்க. நான் நிமித்தித்தான் புடிச்சிருக்கறேன், புரையேறாதுங்க."

"இதெல்லாம் எங்க வழக்கமில்லீங்க."

"தெரியுங்க. இன்னைக்குப் பழகிக்குங்க."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் அசையவில்லை. நர்ஸ் சலித்துக்கொண்டே வந்து குனிந்து தொடையில் போட்டார். யாழினி சப்புவதை நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். வீறிட்டு ஒரே ஒரு அழுகை. பிறகு தேடிப் பிடித்துத் திரும்பக் குடிக்க ஆரம்பித்தாள்.

நர்ஸுக்கு ஆச்சரியம். கன்னத்தைத் தட்டி, "அட, உங்க பாப்பா சமத்துங்க" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"சமத்து இல்லீங்க" என்றேன், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி. "அவளுக்கு வலிச்சுது, அழுதா. நான் இங்க இருந்தேன், நிறுத்திப்போட்டா. அடுத்த புள்ளையையும் அவங்கம்மா மடியிலயே வெச்சுப் போடுங்க."